பிராஸ்பர் குழு ஏன் பத்தே நாளில் சரிந்தது?

கேள்வி: 1943 ஜூனில், நாஜிகள் பிடியில் இருந்த பாரிஸில் பிராஸ்பர் என்ற பிரிட்டிஷ் ரகசியக் குழு பத்து நாளுக்குள் சிக்கிச் சிதறியது. ஒரு துரோகிதான் காரணம் என்று படித்தேன். திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கானும் அதே ஆளால்தான் மாட்டினாரா? இந்தக் குழுக்கள் உண்மையில் எப்படிப் பிடிபட்டன?

பதில்: துரோகம் இருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன். ஆனால் துரோகியை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் அந்தப் பத்து நாளில் நடந்த எதுவும் விளங்காது. பிராஸ்பரை வீழ்த்தியவை பெரும்பாலும் மூன்று: ஒருவரை ஒருவர் அறியக்கூடாதவர்கள் அறிந்திருந்தது, எழுதி வைக்கக்கூடாததை எழுதி வைத்தது, ரேடியோ ஆபரேட்டர் கொடுத்த அபாயக் குறியை லண்டன் கவனக்குறைவு என்று நினைத்தது.

முதலில் பின்னணி. பிராஸ்பர் குழுவை அனுப்பிய எஸ்.ஓ.இ. என்பது 1940 ஜூலையில் சர்ச்சில் அரசு தொடங்கிய ரகசிய அமைப்பு. எதிரி பிடித்த நாடுகளில் ஆட்களை இறக்கி, உள்ளூர்க்காரர்களைச் சேர்த்து, ஆயுதம் கொடுத்து, நாசவேலை செய்ய வைப்பது அதன் வேலை. பிரான்ஸ் பிரிவை மாரிஸ் பக்மாஸ்டர் நடத்தினார். களத்தில் ஒரு குழுவுக்கு மூன்று பேர் முதுகெலும்பு: அமைப்பாளர், தூது போகிறவர், ரேடியோ ஆபரேட்டர். பாரிஸில் அமைப்பாளர் பிரான்சிஸ் சட்டில், புனைபெயர் பிராஸ்பர். 1942 அக்டோபர் தொடக்கத்தில் பாராசூட்டில் இறங்கினார். அவருக்கு ஒரு வாரம் முன்பே குதித்திருந்த ஆந்த்ரே பொரெல்தான் தூது. லீஸ் த பெசாக்கும் இவரும்தான் பிரான்ஸில் பாராசூட்டில் இறங்கிய முதல் பெண் ஏஜெண்டுகள். ரேடியோவுக்கு நவம்பரில் கில்பர்ட் நார்மன் வந்தார். ஆண்டு முடிவில் இரண்டாவது ஆபரேட்டராக ஜாக் அகஸாரியன்.

எட்டே மாதத்தில் பிராஸ்பர் வடபிரான்ஸின் பல மாவட்டங்களில் கிளை விட்டது. லண்டனில் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். எனக்கென்னவோ ஆபத்து அங்கேதான் தொடங்கியது என்று படுகிறது. இப்படிப்பட்ட குழுவில் ஒவ்வொருவரும் தமக்கு மேலே ஒருவரையும் கீழே இரண்டு மூன்று பேரையும் மட்டுமே அறிந்திருக்க வேண்டும். இரண்டு கிளைகளுக்கு இடையே சேதி போக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ‘தபால்பெட்டி’ இருக்கும். அது ஒரு புத்தகக்கடையாகவோ தையல்கடையாகவோ இருக்கலாம். கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒரு கிளை பிடிபட்டால் சேதம் அந்தக் கடையோடு நின்றுவிடும்.

பிராஸ்பரில் இது நடக்கவில்லை. சட்டில், பொரெல், நார்மன், அகஸாரியன் எல்லோரும் அடிக்கடி கூடிச் சாப்பிட்டார்கள், ஒரே காபிக்கடையில் சீட்டாடினார்கள். இதை அவர்களின் பொறுப்பின்மை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பல மாதம் பொய்ப்பெயரில் வாழ்கிறவருக்குத் தம் உண்மைப் பெயர் தெரிந்த நாலு பேரோடு உட்காரும் ஒரு மணி நேரம்தான் மூச்சு. அதோடு ஆபரேட்டர் பஞ்சம். அகஸாரியன் ஒருவரே 24 ஏஜெண்டுகளுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த 24 பேரும் ஏதாவது ஒரு வழியில் அவரை அடைந்தாக வேண்டும். தனித்தனியாக இருக்க வேண்டிய நூல்கள் எல்லாம் ஒரு ஆள் கையில் முடிச்சாகிவிட்டன.

இன்னொரு பழைய வினையும் இருந்தது. தென்பிரான்ஸில் கார்ட் என்று ஒரு குழு இயங்கியது. ஆதரவாளர்களின் பெயர், விலாசம், அங்க அடையாளம் எல்லாவற்றையும் சங்கேதமாக்காமல் பட்டியல் போட்டு வைத்திருந்தது. 1942 நவம்பரில் ஆந்த்ரே மார்சாக் அந்தப் பட்டியலில் 200க்கு மேற்பட்ட பெயர்களோடு மார்செயிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் வந்தார். வழியில் தூங்கிவிட்டார். பக்கத்தில் இருந்த ஜெர்மன் உளவாளி பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். பட்டியலில் இருந்தவர்களை ஜெர்மானியர் உடனே பிடிக்கவில்லை, கண்காணித்தார்கள். கார்ட்டின் மிச்ச ஆட்களில் சிலர் பிராஸ்பரோடும் தொடர்பு வைத்திருந்தார்கள். பட்டியல் திருடுபோனால் அதில் உள்ள ஒவ்வொருவரையும் இழந்ததாகவே கணக்கில் கொண்டு, அவர்களைத் தொட்ட எல்லா இழையையும் வெட்ட வேண்டும். அதைச் செய்ய அங்கே யாருக்கும் மனமும் இல்லை, ஆளும் இல்லை.

இனி ஜூன் 21.

அதற்குச் சில நாட்கள் முன்பு, லுவார் ஆற்றுக்குத் தெற்கே விமானத்திலிருந்து போட்ட ஆயுதப் பெட்டி ஒன்று தரையில் விழுந்ததும் வெடித்தது. அந்த வட்டாரம் முழுக்க ஜெர்மன் படை தேடத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் பிக்கர்ஸ்கில், மெக்காலிஸ்டர் என்ற இரண்டு கனடாக்காரர்கள் பாராசூட்டில் இறங்கினார்கள். உள்ளூர்க் கிளையை நடத்திய பியர் கூலியோலியும் அவருடன் வேலை செய்த இவோன் ருதெல்லாவும் அவர்களைக் காரில் ஏற்றி, பாரிஸ் ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டார்கள். தூய்சோன் என்ற ஊரில் சோதனைச்சாவடி. கனடாக்காரர்களை இறக்கி ஊராட்சி அலுவலகத்துக்கு நடத்திப் போனார்கள். கூலியோலி, ருதெல்லா இருவருடைய தாள்களும் சரியாக இருந்ததால் விட்டுவிட்டார்கள். அப்போதே கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல், மற்ற இருவரும் வருவார்கள் என்று காரில் காத்திருந்தார்கள். மெக்காலிஸ்டரின் பிரெஞ்சு உச்சரிப்பு மோசம். உள்ளே கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கியதுமே சாயம் வெளுத்திருக்கும். சிப்பாய் ஒருவன் காரைப் பார்த்துத் திரும்பி வரச் சொன்னபோதுதான் கூலியோலி வண்டியை விரட்டினார். துரத்திச் சுட்டார்கள். ருதெல்லாவுக்குத் தலையில் குண்டு. கார் சுவரில் மோதி நின்றது.

காரில் பழுப்புத்தாள் சுற்றிய ஒரு பார்சல். பார்க்கப் போர்க்கைதிக்குப் போகும் பார்சல் மாதிரி, மேலே ஒரு கற்பனை விலாசம். உள்ளே லண்டனிலிருந்து வந்த ரேடியோ கிரிஸ்டல்களும் கடிதங்களும். எந்தெந்த ஏஜெண்டுக்கு எது என்று புனைபெயரோடு, சங்கேதமில்லாமல் எழுதியிருந்தது. இரண்டு கனடாக்காரர்கள் சிக்கியிருந்தால் இழப்பு இருவரோடு நின்றிருக்கக்கூடும். இந்தப் பார்சல் ஒரு வரைபடமாகவே ஆகிவிட்டது.

அதே ஜூன் 21 அன்று லியோன் அருகே கலுயிரில், பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தின் தலைவர் ழான் மூலாங்கும் பிடிபட்டார். அது வேறு அமைப்பு, வேறு வழக்கு. ஆனால் அங்கும் அதே நோய்தான். ஜூன் 9 அன்று ரகசியப் படைத் தலைவர் ஜெனரல் தெலெஸ்திரைனை பாரிஸ் மெட்ரோ நிலையத்தருகே பிடிக்க உதவியது, ஜெர்மானியருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஒரு தபால்பெட்டியில் சங்கேதமில்லாமல் போட்ட ஒரு சீட்டு.

பாரிஸில் ஜூன் 23 நள்ளிரவுக்குப் பின் நார்மனையும் பொரெலையும் ஒரு வீட்டில் பிடித்தார்கள். மறுநாள் காலை சட்டிலை அவருடைய ஹோட்டல் அறையில். ஜூலை 1 அன்று, நார்மனின் ரேடியோ இயங்கிய கிரிஞோன் வேளாண் கல்லூரியைச் சுற்றி வளைத்தார்கள். அடுத்த வாரங்களில் கிராமம் கிராமமாக ஆயுதக் கிடங்குகள் பிடிபட்டன, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள்.

“பிடிபட்டால் 48 மணி நேரம் வாய் திறக்காதே, அதற்குள் மற்றவர்கள் இடம் மாறிவிடுவார்கள்” என்பதுதான் பயிற்சியில் சொன்ன விதி. அது யாருக்குப் பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். லண்டனிலிருந்து வந்த ஏஜெண்டுக்கு ஒரு பெட்டியும் இரண்டு அடையாள அட்டையும்தான் சொத்து, அவர் நகர்ந்துவிடுவார். கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் ஸ்டென் துப்பாக்கிகளை வைத்திருக்கும் விவசாயி கறவை மாட்டையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு எங்கே போவார்? ஊரடங்கு நேரம், ரேஷன் அட்டை, பயண அனுமதி என்று எல்லாம் அவரைச் சொந்த ஊரில் கட்டிப்போட்டன. அந்த 48 மணி நேரம் அவருக்குப் பயன்படவே இல்லை.

அடுத்தது ரேடியோ. ஜெர்மானியர் அதிகம் லாபம் பார்த்தது இதில்தான். எஸ்.ஓ.இ. பரவலாகக் கொடுத்த பி-2 சூட்கேஸ் செட் ஏறத்தாழ 15 கிலோ. சின்னப் பெட்டிக்குப் பொருந்தாத கனம். மெட்ரோ படியில் ஒரு பக்கம் சாய்ந்து ஏறுகிறவரைப் பார்த்தாலே சந்தேகம் வரும். ஏரியல் கம்பி 18 மீட்டர் அளவுக்கு விரிய வேண்டும். நகரத்து அறையில் அதைக் கூரையோரமாகவோ ஜன்னல் வழியாக மரத்துக்கோ இழுப்பார்கள். எந்த அலைவரிசை என்பதை உள்ளே செருகும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் தீர்மானிக்கும். கீழே விழுந்தால் உடையும், மாற்றுக்கு லண்டனிலிருந்துதான் வர வேண்டும். தூய்சோன் பார்சலில் கிரிஸ்டல் இருந்ததன் அர்த்தம் இதுதான்: அது கையில் கிடைத்தால் எந்த ஆபரேட்டர் எந்த அலைவரிசையில் பேசப்போகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஜெர்மானியர் தேடிய முறை படிப்படியானது. தொலைவில் உள்ள நிலையங்கள் சிக்னல் வரும் திசையைக் கணித்து, கோடுகள் வெட்டும் இடத்தை ஒரு நகரப் பகுதிவரை சுருக்கும். அடுத்து, சாதாரண வண்டிபோலத் தோன்றும் திசைகாட்டி வேன்கள் வரும். கடைசியில் கோட்டுக்குள் சிறிய கருவியைக் கட்டிக்கொண்டு ஆட்கள் நடந்தே வருவார்கள். சில இடங்களில் கட்டடம் கட்டடமாக மின்சாரத்தை நிறுத்தி, எதை நிறுத்தும்போது மோர்ஸ் நிற்கிறது என்று பார்த்தார்கள். அதனால் பலர் கார் பேட்டரியையும் தயாராக வைத்திருந்தார்கள். நகரத்தில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் அனுப்பினால் வாசலில் வேன் நிற்கும் என்றே கணக்கு வைக்க வேண்டும். 1941 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் சோவியத் உளவுக் குழுவின் ரேடியோ சிக்கியதற்குக் காரணம், ஒரே வீட்டிலிருந்து இரவு இரவாகப் பல மணி நேரம் அனுப்பியதுதான்.

நேரத்தைக் குறைக்க முடியாமல் செய்ததில் சங்கேத முறைக்கும் பங்குண்டு. ஏஜெண்ட் மனப்பாடமாக ஒரு கவிதை வைத்திருப்பார். அதிலிருந்து ஐந்து சொல்லை எடுத்து, எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் கொடுத்து, செய்தியைக் கீழே வரிவரியாகக் கட்டங்களில் நிரப்பி, எண் வரிசையில் பத்தி பத்தியாக எடுத்து எழுத வேண்டும். கிடைத்ததை மறுபடி அதேபோல் ஒருமுறை கலைக்க வேண்டும். செய்தி மிகக் குட்டையாக இருந்தால் எதிரி உடைப்பது எளிது என்பதால் 200 எழுத்தாவது நிரப்பச் சொன்னார்கள். சொல்ல வேண்டியது மூன்று சொல் என்றாலும் 200 எழுத்து தட்டியாக வேண்டும். குளிரில் விறைத்த விரலோடு ஒரு எழுத்தைப் பிசகாக எண்ணிவிட்டால் முழுச் செய்தியும் குப்பை. திரும்ப அனுப்பச் சொன்னால் வேனுக்கு இன்னொரு வாய்ப்பு. எஸ்.ஓ.இ.யின் சங்கேதப் பிரிவில் இருந்த லியோ மார்க்ஸ் இதை எதிர்த்துத்தான் போராடினார். பட்டுத்துணியில் அச்சடித்த திறவுகோல்களை, பயன்படுத்தியதும் வெட்டி எரித்துவிடும்படி கொடுக்க வைத்தார். கவிதையைச் சித்திரவதையால் வாங்கலாம், எரிந்த துணியை ஏஜெண்டாலேயே நினைவுக்குக் கொண்டுவர முடியாது.

இதோடு சேர்ந்தது பாதுகாப்புக் குறி. ஒவ்வொரு செய்தியிலும் குறித்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்ய வேண்டும். பிழை இல்லாமல் வந்தால், ஆபரேட்டர் துப்பாக்கி முனையில் இருக்கிறார் என்று அர்த்தம். இதில் இரண்டு குறி உண்டு. ஒன்று அடி தாங்காதபோது எதிரியிடம் சொல்லிவிடலாம் என்ற பொய்க் குறி. மற்றது உயிரே போனாலும் சொல்லக்கூடாத உண்மைக் குறி. நார்மன் பெயரில் ஜெர்மானியர் அனுப்பிய செய்தியில் உண்மைக் குறி இல்லை. அதாவது, நார்மன் தம் கடமையைச் செய்துவிட்டார். லண்டனிலிருந்து வந்த பதிலோ, குறியை மறந்துவிட்டாய், இனிமேல் கவனமாக இரு என்று கண்டித்தது. அந்தப் பதிலை அவர் முன்னாலேயே ஜெர்மானியர் படித்தார்கள். இரண்டாவது குறி ஒன்று இருப்பதே அதிலிருந்துதான் அவர்களுக்கு உறுதியானது. இந்த வரலாறு முழுவதிலும் இந்த ஒரு பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

இது அங்கே மட்டும் நடந்த தவறும் அல்ல. நெதர்லாந்தில் 1942 மார்ச் 6 அன்று பிடிபட்ட ஹூப் லாவர்ஸின் உண்மைக் குறி, 16-ஆவது எழுத்தில் பிழை. அதை மறைத்துவிட்டு, பிழை இல்லாமலே அனுப்பினார். லண்டன் கண்டுகொள்ளவில்லை. அந்த ஓட்டை வழியாக 50க்கும் மேற்பட்ட ஏஜெண்டுகள் ஜெர்மானியர் காத்திருந்த வயலிலேயே நேராக வந்து குதித்தார்கள். பெரும்பாலோர் 1944 செப்டம்பரில் மவுத்தவுசன் முகாமில் கொல்லப்பட்டார்கள்.

இப்போது நூர். 1943 ஜூன் 16 நள்ளிரவில், லைசாண்டர் என்ற சின்ன விமானத்தில் வந்து இறங்கினார். ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்ஸுக்கு எஸ்.ஓ.இ. அனுப்பிய முதல் பெண் ரேடியோ ஆபரேட்டர். அவர் சேர வேண்டியது எமில் கேரி என்பவரின் தனிக் குழு. ஆனால் சொந்த செட் கைக்கு வராததால் கிரிஞோனுக்குப் போய் நார்மனின் செட்டில் அனுப்பினார். வந்த சில நாட்களிலேயே பிராஸ்பரின் முக்கிய ஆட்களை எல்லாம் பார்த்துவிட்டார். நூல்கள் முடிச்சாவது என்று சொன்னேனே, அதுதான் இது. ஒரு வாரத்தில் எல்லோரும் கைது. பாரிஸில் லண்டனோடு பேச அநேகமாக அவர் ஒருவர்தான் மிச்சம். திரும்பி வரச் சொன்னபோது, வேறு ஆபரேட்டர் இல்லையே என்று மறுத்தார். வீடு மாற்றி, முடி நிறம் மாற்றி, செட்டைத் தூக்கிக்கொண்டு மூன்று மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். ஒரு ஆபரேட்டரின் ஆயுள் வாரக்கணக்கில் எண்ணப்பட்ட காலம் அது.

அக்டோபர் நடுவில் அவர் விலாசத்தை ஒரு லட்சம் பிராங்குக்கு யாரோ விற்றார்கள். ஆகவே உங்கள் கேள்வியின் இந்தப் பகுதிக்கு நேரான பதில்: நூரைக் காட்டிக்கொடுத்தது பெரும்பாலும் பணம் வாங்கிய ஓர் அறிமுகம், நீங்கள் படித்த அந்தத் துரோகி அல்ல.

பிடித்த இடத்தில் ஒரு நோட்டுப்புத்தகமும் கிடைத்தது. அதுவரை அனுப்பிய செய்திகள் சங்கேதத்திலும் வெளிப்படையாகவும் அதில் இருந்தன. பலர் இதை நூரின் அசட்டுத்தனம் என்று எழுதுகிறார்கள். அவருக்குக் கொடுத்த உத்தரவைப் பாருங்கள். செய்திகளை ‘ஃபைல்’ செய்வதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று இருந்தது. பத்திரிகைக்காரர் பேச்சில் அதற்கு அனுப்புவது என்று பொருள். அலுவலகப் பேச்சில் கோப்பில் சேர்த்துப் பத்திரப்படுத்துவது. நூர் இரண்டாவதாக எடுத்துக்கொண்டு, சொன்னதைச் செய்தார். ஆவென்யூ ஃபோஷ் 84-ஆம் எண் கட்டடத்தில் ஹான்ஸ் கீஃபர் தலைமையில் இருந்த எஸ்.டி. என்ற நாஜி உளவுப் பிரிவுக்கு, அவருடைய நடையைப் போலவே செய்தி எழுத அந்த நோட்டே பாடப்புத்தகம். நூர் விசாரணையில் ஒத்துழைக்கவில்லை, இரண்டு முறை தப்பிக்க முயன்றார். ஆனாலும் அவர் பெயரில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. 1944 பிப்ரவரி இறுதியில் அந்தச் செய்திகளை நம்பி அனுப்பப்பட்ட பிரான்ஸ் ஆன்தெல்ம், லயோனல் லீ, மதலேன் தமெர்மான் மூவரும் இறங்கிய இடத்திலேயே பிடிபட்டார்கள். அதே தமெர்மானோடு சேர்த்து, செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் நூரைச் சுட்டுக் கொன்றார்கள்.

துரோகி என்று நீங்கள் படித்தது ஆன்ரி தெரிகூரைப் பற்றியாக இருக்கும். எஸ்.ஓ.இ. விமானங்கள் இறங்கும் வயல்களை ஏற்பாடு செய்தவர். ஏஜெண்டுகள் லண்டனுக்குக் கொடுத்தனுப்பிய தபாலைப் படமெடுக்க ஜெர்மானியருக்குக் கொடுத்தார். இது பெருங்கேடு, குறைத்துச் சொல்ல மாட்டேன். விசாரணையில் உட்காருகிறவரிடம் அவர் எழுதிய கடிதத்தின் நகலை நீட்டினால், எல்லாம் தெரிந்துவிட்டது, இனி மறைத்து என்ன பயன் என்று மனம் உடைந்துவிடும். 1948-இல் பாரிஸ் நீதிமன்றம் அவரை விடுவித்தது. லண்டன் பிரிவின் அதிகாரியாக இருந்த நிக்கோலஸ் பாடிங்டன் அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார். ஆனால் தூய்சோன் சாவடி, பழுப்புத்தாள் பார்சல், நார்மனுக்கு வந்த பதில் மூன்றிலும் தெரிகூருக்குப் பங்கு இல்லை. அவர் பிறக்காமலே இருந்திருந்தாலும் அந்த மூன்றும் நடந்திருக்கும்.

மாற்று வழி இருந்ததா என்றால், இருந்தது. பிரான்சிஸ் காமார்ட்ஸ் 1943 மார்ச்சில், அதே கார்ட் குழுவின் மிச்சத்தோடு சேர அனுப்பப்பட்டவர். பாரிஸில் அவரை வரவேற்றவர்களின் கவனக்குறைவைப் பார்த்ததுமே உறுத்தியது. மறுநாளே மார்சாக் கைது. காமார்ட்ஸ் அந்தத் தொடர்பு முழுவதையும் உதறிவிட்டுத் தென்கிழக்கே போய் ஒன்றிலிருந்து தொடங்கினார். ஒரே வீட்டில் மூன்று நான்கு இரவுக்கு மேல் தங்கவில்லை. கிளைகளைப் பதினைந்து பேர் அளவில் சிறிதாக வைத்தார். தபால், தொலைபேசி பக்கமே போகவில்லை. அவரால் மற்றவர்களைத் தொட முடியும், அவர் எங்கே இருக்கிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாது. வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் ஜாக்கி என்ற அவர் குழு 1944 கோடைவரை நின்றது.

அப்படிப்பட்டவரே 1944 ஆகஸ்டில் தீன் நகருக்கு அருகே சாலைச் சோதனையில் பிடிபட்டார். காரில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் தெரியாது, வழியில் ஏறியவர்கள் என்று சொல்லியிருந்தார்கள். பர்ஸைத் திறக்கச் சொன்னார்கள். முன்பின் தெரியாதவர்களின் பர்ஸில் இருந்த நோட்டுகள் அடுத்தடுத்த வரிசை எண்களில் இருந்தன. ஒரே கட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த பணம். குழுவின் தூதாக இருந்த கிறிஸ்டின் கிரான்வில் துணிந்து சிறை அதிகாரிகளிடம் பேசி, இருபது லட்சம் பிராங்க் கொடுத்து, அவர்களை ஆகஸ்ட் 17 அன்று வெளியே கொண்டுவந்தார்.